நாரட்ரினலின் திரும்பி வந்த கதை

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டறவன். பெரியப்பாவுக்கு பைபாஸ் முடிஞ்சு ஐசியூவுல இருந்தப்போ, பம்ப்புகள்ல ஒட்டியிருந்த மருந்துப் பெயர்களைப் படிச்சுட்டு வந்து தேட ஆரம்பிச்சேன். பொழுது விடிஞ்சிடுச்சு.

1953-ல ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், இதய-நுரையீரல் இயந்திரத்தை ஓடவிட்டு ஓர் இளம்பெண்ணின் இதயத்து ஓட்டையை அடைச்சார். திறந்த இதய அறுவை சிகிச்சைக்கு அதுதான் வழி திறந்தது. கூடவே ஒரு புதுத் தலைவலியும் வந்தது. ஆபரேஷன் நல்லா முடிஞ்சும் சிலருக்கு ரத்த அழுத்தம் சரிஞ்சுடும். காரணம் ரெண்டு வகை: மோட்டார் (இதயம்) சோர்ந்திருக்கலாம், இல்லேன்னா குழாய் (ரத்த நாளம்) தளர்ந்து விரிஞ்சிருக்கலாம். எதுன்னு தெரியாம மருந்து கொடுத்தா வம்புதான்.

குழாயை இறுக்க நாரட்ரினலின் இருந்தது. நரம்பு முனைகள்ல சுரக்கறது இதுதான்னு 1946-ல ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர் கண்டுபிடிச்சார். 1970-ல நோபல் பரிசும் வாங்கினார். ஆனா ஆஸ்பத்திரியில அதுக்குக் கெட்ட பேர். லெவோஃபெட்ங்கற அதோட வணிகப் பெயரை 'லீவ் தெம் டெட்'னு கிண்டல் பண்ணாங்க. பாவம், எல்லாம் கைவிட்ட பிறகு கடைசியா ஏத்தற மருந்தா இருந்தா வேற என்ன பேர் கிடைக்கும்? அழுத்தம் ஏறும், ஆனா சிறுநீரகத்துக்கு ரத்தம் போகாம அடைச்சுடும்னு பயம்.

அந்த இடத்தைப் பிடிச்சது டோபமின். கொஞ்சமா கொடுத்தா சிறுநீரக நாளங்கள் விரியும், சிறுநீர் நல்லாப் பிரியும். 'சிறுநீரக டோஸ்'னே பேர் வெச்சு வருஷக்கணக்கா கொடுத்தாங்க. என்னைக் கேட்டா, இது டேஷ்போர்டுல பச்சை விளக்கு எரியுதுன்னு சர்வரை நம்பற கதை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐசியூக்கள்ல 328 பேரை வெச்சு சோதிச்சு 2000-ல முடிவை வெளியிட்டாங்க. சிறுநீரகத்துக்கு ஒரு காப்பும் இல்லை!

அடுத்த அடி 2010-ல. அதிர்ச்சி நிலையில இருந்த 1679 பேர். பாதிப்பேருக்கு டோபமின், மீதிக்கு நாரட்ரினலின். (இதய ஆபரேஷன் ஆனவங்க மட்டும் இல்லை, எல்லா வகையும்.) இறப்புல மொத்தமா பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா இதயத் துடிப்பு தாறுமாறானது டோபமின் பக்கம் 24%, நாரட்ரினலின் பக்கம் 12%. இதயமே பழுதாகி அதிர்ச்சிக்குப் போன 280 பேரைத் தனியா பார்த்தப்போ, டோபமின் வாங்கினவங்கதான் அதிகம் இறந்திருந்தாங்க. தையல் போட்ட இதயத்துக்குத் தாறுமாறான துடிப்பு எவ்வளவு ஆபத்துன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒதுக்கி வெச்சிருந்த நாரட்ரினலின் முன்வரிசைக்கு வந்துடுச்சு.

அதுக்கும் போட்டி உண்டு. இதய ஆபரேஷனுக்கு அப்புறம் குழாய் தளர்ந்தவங்களை மட்டும் எடுத்து, பிரேசிலின் சாவோ பாலோவில் வாசோபிரஸினை நாரட்ரினலினோட மோதவிட்டாங்க. 2017-ல வந்த முடிவுப்படி மரணம் அல்லது கடும் சிக்கல் 32%-க்கு 49%, வாசோபிரஸினுக்கு சாதகம். உள்ளே போய்ப் பார்த்தா இறப்பு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். குறைஞ்சது சிறுநீரகச் செயலிழப்பு. ஒரே மையத்து ஆய்வுங்கறதால, நாரட்ரினலினோட சேர்த்து வாசோபிரஸின்னு கொடுக்கறவங்கதான் நிறைய.

ரெண்டுக்கும் அழுத்தம் மசியலைன்னா மெத்திலீன் ப்ளூ. 1876-ல துணிச்சாயமா பிறந்தது, அப்புறம் மலேரியாவுக்கும் கொடுத்துப் பார்த்தாங்க. நாளங்களை விரிக்கற நைட்ரிக் ஆக்சைடோட வேலையைத் தடுக்குது. ஏத்தின பிறகு சிறுநீர் பச்சை-நீலமா போகும், பார்த்து பயந்துடாதீங்க :-)