எகிப்திய சித்திர எழுத்து: மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டியது என்ன?

பண்டைய எகிப்தின் ‘ஹைரோகிளிஃப்’ எழுத்துமுறையைப் பள்ளிகளில் அறிமுகப்படுத்தும்போது, மாணவர்கள் தங்கள் பெயரைச் சித்திரங்களால் எழுதும் பயிற்சி பரவலாக அளிக்கப்படுகிறது. ஆர்வத்தைத் தூண்டும் இப்பயிற்சியால், ஒரு சித்திரம் ஓர் எழுத்து என்ற தவறான புரிதலும் ஏற்படக்கூடும்.

உண்மையில், சித்திரங்களுக்கு மூன்று பணிகள் உண்டு. சில, வரையப்பட்ட பொருளையே குறிக்கும். சில, ஒலியைக் குறிக்கும். வேறு சில, ஒலியின்றிச் சொல்லின் இறுதியில் நின்று பொருளைத் தெளிவுபடுத்தும்.

உதாரணமாக, வீட்டின் சித்திரத்துடன் சிறு கோடு இருந்தால் ‘வீடு’ என்று பொருள். அதே சித்திரத்துடன் நடக்கும் கால்கள் சேர்ந்தால் ‘வெளியே செல்’ என்று பொருள். இரு சொற்களிலும் ‘ப்’, ‘ர்’ ஒலிகள் உள்ளதே இதற்குக் காரணம். உயிரொலிகள் பொதுவாக எழுதப்படுவதில்லை.

மனித, விலங்கு உருவங்கள் எந்தப் பக்கம் நோக்குகின்றனவோ, அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும்.

தேதி அறியப்பட்ட கடைசி ஹைரோகிளிஃப் கல்வெட்டு, ஃபிலே கோயிலில் கி.பி. 394-இல் பொறிக்கப்பட்டது. பின்னர் இவ்வெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களே இல்லாமல் போயினர். ஒரே அரசாணை ஹைரோகிளிஃப், டெமோட்டிக், கிரேக்க எழுத்துகளில் பொறிக்கப்பட்ட ரொசெட்டா கல் 1799-இல் கிடைத்தது. 1822-இல் பிரான்ஸ் அறிஞர் ஷாம்போலியன், இவ்வெழுத்தின் புதிரை விடுவித்தார்.

நீள்வட்டத்துக்குள் எழுதப்பட்டிருந்த தாலமி, கிளியோபாட்ரா ஆகிய கிரேக்கப் பெயர்களே அவருக்கு வழிகாட்டின. அயல்மொழிப் பெயர்களை எகிப்தியர்கள் ஒலிப்படி எழுதினர். இதை விளக்கிய பின் அளித்தால், பெயர் எழுதும் பயிற்சி வரலாற்றுப் பாடமாகவும் அமையும்.