வியப்புச் சொற்கள்

வியப்புச் சொற்கள் என்பவை எதிர்பாராத ஒன்றைக் காணும்போதோ கேட்கும்போதோ பேசுபவர் வாயிலிருந்து தாமாக வெளிப்படும் சிறு சொற்கள். ‘அடேயப்பா’, ‘அம்மாடி’, ‘அடடா’, ‘ஐயோ’ ஆகியவை தமிழில் அன்றாடம் வழங்குபவை. இக்கால இலக்கண நூல்கள் இவற்றை வியப்பிடைச்சொற்கள் என்கின்றன. எழுவாய், பயனிலை எதுவும் இல்லாமலே இவை முழு வாக்கியத்தின் வேலையைச் செய்யும். பல மொழிகள் ஒன்றாகப் புழங்கும் ஊர்களில் இவை மொழிவிட்டு மொழி எளிதில் தாவும். மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா அத்தகைய ஊர்.

இலக்கண, இலக்கிய மரபு

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையை, அதாவது வியப்பை, வைக்கிறது. அது பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கைக் கூறுகிறது. முன்பு காணாதது, மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று வேறொன்றாக மாறுவது என இவற்றை விளக்கலாம். இன்றும் ஒருவர் ‘அடேயப்பா’ என்று சொல்லும் தருணங்கள் பெரும்பாலும் இந்த நான்கில் அடங்கிவிடும்.

‘ஐயோ’ இன்று பெரும்பாலும் துயரத்தையும் பதற்றத்தையும் குறிக்கிறது. எமனுடைய மனைவியின் பெயர் என்று சொல்லி, வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதென்று தடுக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பழைய வழக்கில் அது பேரழகைக் கண்ட திகைப்பையும் குறித்தது. திருப்பாணாழ்வார் அமலனாதிபிரானில் அரங்கனின் அழகைக் கண்டு உருகும் இடத்திலும், கம்பர் கங்கைப் படலத்தில் இராமனின் வடிவழகைச் சொல்ல முடியாமல் தவிக்கும் இடத்திலும் இச்சொல் வருகிறது.

தானா ராத்தாவின் மொழிச் சூழல்

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள மலை நகரம். 1885இல் இப்பகுதியை அளந்த வில்லியம் கேமரனின் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் வளர்ந்தது. அவர்களுடைய சந்ததியினர் இன்று தோட்டங்களிலும் கடைகளிலும் சுற்றுலாத் தொழிலிலும் இருக்கிறார்கள். காய்கறித் தோட்டங்கள் வைத்திருக்கும் சீனர்கள், மலாய்க்காரர்கள், இம்மலையின் பூர்வகுடிகளான செமாய் மக்கள் ஆகியோரும் இங்கு வாழ்கின்றனர். தோட்ட வேலைக்கு வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைகள் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். ஆனால் மலாய் வியப்புச் சொற்களைப் பாடநூல் கற்றுத் தருவதற்கு முன்பே அவர்கள் கடைத்தெருவிலும் விளையாட்டுத் திடலிலும் பழகிவிடுகிறார்கள்.

வழக்கில் உள்ள சொற்கள்

மலேசியத் தமிழரின் பேச்சில் வழங்கும் வியப்புச் சொற்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை தமிழ்ச் சொற்கள். அடேயப்பா, அடேங்கப்பா, அம்மாடி, அடக் கடவுளே, முருகா ஆகியவை தமிழகத்தில் வழங்குவது போலவே வழங்குகின்றன.

இரண்டாம் வகை மலாயிலிருந்து வந்தவை. ‘அலாமாக்’ என்பது நினையாத தொல்லையைக் கண்டு எழும் சொல். குடை எடுக்காமல் வந்தவர் மழையைப் பார்த்ததும் சொல்வது. ‘அம்போய்’ மெச்சுதலும் கேலியும் கலந்தது. அக்கா ஒருவர் புதுச்சேலையில் வந்தால், “அம்போய், எங்க கிளம்பிட்டீங்க?” என்பார்கள். கேட்ட செய்தியை நம்ப முடியாதபோது ‘யா கெ?’ அல்லது ‘பியார் பெத்துல்’ வரும். முன்னது ‘அப்படியா?’, பின்னது ‘நெசமாவா சொல்றே?’ என்பதற்கு நிகர்.

மூன்றாம் வகை எல்லாருக்கும் பொதுவானவை. ‘ஐயோ’ இதில் முதன்மையானது. சீன மொழிகளிலும் ஏறத்தாழ இதே ஒலியுடன் ஒரு சொல் இருப்பதால், தமிழரும் சீனரும் அவரவர் தாய்மொழிச் சொல்லாகவே இதைச் சொல்கிறார்கள். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 2016இல் இச்சொல்லைச் சேர்த்துக்கொண்டது.

‘லா’ என்னும் ஈற்றசை இவற்றோடு ஒட்டி வரும். ஸ்ட்ராபெரி விலையைக் கேட்டவர் “ஐயோ, இவ்ளோவா லா!” என்னும்போது வியப்போடு சலிப்பும் சேர்கிறது. அதையே கடைக்காரரிடம் சிரித்துக்கொண்டு சொன்னால் அது பேரம் பேசுவதற்கான தொடக்கம். குறுக்கிச் சொன்ன ‘ஐயோ’ சிறு திடுக்கிடல். கடைசி ஓகாரம் நீண்டால் இரக்கம். ‘ஐயையோ’ என்று அடுக்கினால் பதற்றம்.

ஜெர்மன் மொழியுடன் ஒப்பீடு

கேமரன் மலைக்கு ஐரோப்பியப் பயணிகள் நெடுங்காலமாக வருகிறார்கள். ஜெர்மன் பயணியோடு பழகும் வழிகாட்டிக்கும், ஜெர்மனியில் படிக்கச் செல்லும் மாணவருக்கும் பயன்படும் சில சொற்கள் உண்டு.

‘எஷ்ட்?’ என்பது ‘உண்மையாவா?’ என்று கேட்பது. ‘யா கெ?’ வரும் இடத்தில் வரும். ‘நா ஸோ வாஸ்!’ என்பது ‘அட, இப்படியும் உண்டா!’ என்னும் மென்மையான வியப்பு. ‘டாஸ் கிப்ட்ஸ் டோக் நிஷ்ட்!’ என்றால் ‘இருக்கவே முடியாது!’ என்று பொருள். ‘மென்ஷ்!’ என்பதற்கு நேர்ப்பொருள் மனிதன். நம் பேச்சில் ‘அடேய்’ செய்யும் வேலையைச் செய்யும். ‘டோனர்வெட்டர்!’ இடிமழையைக் குறிக்கும் சொல். பாராட்டோடு கூடிய வியப்புக்கு ஆகும். ‘கிராஸ்!’ இளைஞர் வழக்கு. மூத்தவரிடம் சொல்வது பொருந்தாது.

‘வான்ஸின்!’ என்பதன் நேர்ப்பொருள் பித்து. 1989 நவம்பர் 9ஆம் நாள் இரவு பெர்லின் சுவரின் வாயில்கள் திறந்தபோது, கடந்து வந்த மக்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் இதுவே. ‘ஆக் ஸோ’ என்பதை வியப்புச் சொல்லென்று புதிதாகக் கற்பவர்கள் எண்ணுவதுண்டு. அது உண்மையில் ‘ஓ, அப்படியா, புரிந்தது’ என்னும் பொருளில் வருவது.

கற்கும் முறை

வியப்புச் சொற்களை அகராதிப் பொருளை மட்டும் வைத்துக் கற்க முடியாது. யார் யாரிடம் சொல்லலாம், குரல் எங்கே ஏறி எங்கே இறங்கும், முகம் எப்படி இருக்கும் என்பவையும் சேர்ந்தே பொருள் அமைகிறது. எனவே ஒவ்வொரு சொல்லையும் ஒரு சூழலோடும் ஓர் உரையாடலோடும் சேர்த்துக் கேட்டுப் பழக வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று சொற்கள் போதும். மரியாதைக் குறைவாகத் தொனிக்கக்கூடியவற்றைப் புரிந்துகொண்டால் போதுமானது. உடனே பேச வேண்டியதில்லை.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியரான சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. பேசுபவர்களோடு உட்கார்ந்து கேட்டதில்தான் அவர் கல்வி தொடங்கியது. இன்று கோலாலம்பூரிலும் சென்னையிலும் உள்ள கோத்தே நிறுவனங்களில் ஜெர்மன் பயில்பவர்களுக்கும் அந்த வழியே உகந்தது.

பதிவு செய்யும் தேவை

வியப்புச் சொற்கள் எழுத்தில் குறைவாகவும் பேச்சில் மிகுதியாகவும் வாழ்பவை. பேசுபவர்கள் இடம்பெயர்ந்தால் அவையும் மறையும். தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, விட்டுக் குடும்பங்கள் நகரங்களுக்குச் சென்றுகொண்டிருக்கும் காலம் இது. மலேசியத் தமிழ்ப் பேச்சு வழக்குக்கு அகராதி தொகுப்பவர்கள் இச்சொற்களைத் தனிப் பிரிவாகச் சேர்த்து, பொருளோடு ஒலிப்பதிவையும் இணைக்க வேண்டும். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து வைக்கும் வேலையைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றே தொடங்கலாம்.