நவம்பர் மாதமும் பெயர் தெரியாத கொள்ளுத்தாத்தாவும்



நவம்பர் இறந்தோரை நினைவுகூரும் மாதம். திருப்பலியில் நினைவுகூர வேண்டியவர்களின் பெயர்களை எழுதித் தரும்படி கேட்டிருந்தேன். ஈசா டவுனில் குடியிருக்கும் ஒரு சகோதரி தந்த தாளின் கடைசி வரி இது: “கொள்ளுத்தாத்தா. முதல் உலகப் போரில், ஈராக்கில் இறந்தவர். பெயர் தெரியாது.” தேடினால் கிடைக்குமா, ஃபாதர் என்று கேட்டார். தேட வழி உண்டு. உங்களில் வேறு சிலருக்கும் இது உதவலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் போரின் ஒரு பகுதி நம் கண்ணெதிரே உள்ள கடலிலிருந்துதான் தொடங்கியது. பம்பாயிலிருந்து புறப்பட்ட இந்தியப் படையின் முதல் பிரிவு, 1914 அக்டோபர் 23 அன்று பஹ்ரைன் கடலில் நங்கூரமிட்டுக் காத்திருந்தது. நவம்பர் 6 அன்று ஈராக்கின் ஃபாவ் கரையில் இறங்கியது. அதன்பின் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையின் கம்பெனிகளும் அங்கே சென்றன. பாலம் கட்டுவதும் பாதை அமைப்பதும் அவர்கள் பணி. தமிழ்க் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவரும் அப்படையில் பெருமளவில் சேர்ந்திருந்தனர்.

அங்கே மாண்டு, கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக 1929-இல் பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. ஆங்கிலேய வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களோ, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். நம் ஊர்களிலும் இதே நிலைதான். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று சொல்லும் பழைய கல்வெட்டுகளைத் தமிழகத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றிலும் எண்தான் உண்டு, பெயர் இல்லை. முதல் உலகப் போரில் மாண்ட 45,000 முதல் 54,000 பேர் வரை இவ்வாறு சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதாகக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை ஒப்புக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் இந்தியரும் ஆப்பிரிக்கருமே.

ஆனால் கல்லில் இல்லாத பெயர் காகிதத்தில் இருந்தது. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு பணிப் பதிவேடு உண்டு. அதில் அவருடைய எண், தந்தையின் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் இவற்றோடு வாரிசின் பெயரும் எழுதப்பட்டது. அவர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் பெறுவதற்கு மனைவி தன்னை நிரூபிக்க வேண்டும். கிராம அதிகாரி சான்று தர வேண்டும். அவர் கைநாட்டு வைக்க வேண்டும். கருவூலத்தில், தாம் உயிரோடிருப்பதையும் மறுமணம் செய்யவில்லை என்பதையும் காட்ட வேண்டும். அந்த அரசு அன்பினால் இப்பெயர்களைக் காத்தது என்று நான் சொல்லவில்லை. பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே யாருக்கு என்று எழுத வேண்டியிருந்தது. எழுத்தறியாத ஒரு கைம்பெண் தன் உரிமையைக் கேட்டு நின்றதால்தான் அவர் கணவரின் பெயரும் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

இனி, தேடும் வழி. முதலில் வீட்டுப் பெட்டியைப் பாருங்கள். வெள்ளிப் பதக்கம் வறுமையில் எப்போதோ தட்டானின் உலையில் உருகிப்போயிருக்கலாம். வெண்கலப் பதக்கம் தப்பியிருக்கலாம். அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கொண்டு மேற்சொன்ன ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். பல பதிவுகளில் இன்னாரின் மகன் அல்லது கணவர், இன்ன ஊர், இன்ன தாலுகா என்ற குறிப்பு உண்டு. மாவட்டங்கள் பழைய பெயரில் இருக்கும். இன்றைய வேலூரும் திருவண்ணாமலையும் அன்று வட ஆற்காடு. பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எழுத்தரின் காதில் விழுந்தபடி இருக்கும்; பலவாறு எழுதிப் பாருங்கள். வீட்டில் பழைய ஓய்வூதிய ஆணை இருந்தால், அதன் எண்ணைக் குறிப்பிட்டு அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம்.

ஊர் தெரிந்தபின் அவ்வூர்ப் பங்கின் திருமண, திருமுழுக்குப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய குருக்கள் பலர் இலத்தீனில் எழுதினார்கள். பட்டாளத்தில் ராயப்பனாக இருந்தவர் கோவில் ஏட்டில் பேத்ருஸ் ஆகியிருப்பார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ். ஒரே ஊரில் நான்கு சவரிமுத்துகள் இருக்கலாம். ஆகவே பெயர் ஒத்துப்போவதால் மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். தந்தையின் பெயரும் மனைவியின் பெயரும் சேர்ந்து பொருந்தினால்தான் அவர் உங்களவர். ஞானப் பெற்றோரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உறவுகள் அவ்வழியாகவும் புலப்படும்.

போரில் மாண்ட தம் வீரர்களுக்காக யூதா மக்கபே ஏறத்தாழ ஈராயிரம் வெள்ளி நாணயம் திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதை நாம் அறிவோம். இறந்தோருக்காக மன்றாடும் நம் மரபுக்கு அது ஒரு வேர். அந்த வீரர்களின் பெயர்கள் அந்நூலில் இல்லை; ஆயினும் அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. அதனால் அந்தச் சகோதரியின் தாளில் இருந்த கடைசி வரியையும் நான் பீடத்தில் அப்படியே வாசித்தேன். அவர் தேடட்டும்; இறைவனுக்கு அப்பெயர் ஏற்கெனவே தெரியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் நீங்கள். கொள்ளுத்தாத்தாவைத் தேடும்போது, கருவூல வாசலில் காத்து நின்ற கொள்ளுப்பாட்டியின் பெயரையும் தேடி எழுதுங்கள். ஊரில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களின் பெயர்களையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.