தேங்காய்க் கதையில் நான் சொல்லாமல் விட்ட இரண்டு பெயர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். என் பழைய தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். பதினொன்றாம் வகுப்பு. அவனும் மூன்று நண்பர்களும் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு விளையாட்டு ஆடுவார்கள். செல்போன் வேண்டாம். ஒருவன் கதையை நடத்துவான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் உண்டு. அதில் பெயர், பலம், திறமை எல்லாம் எழுதியிருக்கும். "நான் இதைச் செய்யப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விழுகிற எண் தலைவிதியைத் தீர்மானிக்கும். 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகை விளையாட்டுக்கு முன்னோடியாம். பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தும் போர் விளையாட்டுகளிலிருந்து அது பிறந்திருக்கிறது.

மந்திரவாதியும் டிராகனும் அலுத்துவிட்டதால், இரண்டாம் உலகப்போரின் அமெரிக்க டார்பிடோ படகுகளை வைத்துப் பேரனே புது விதிகள் எழுதிக்கொண்டிருந்தான். "ஆச்சி, நீங்க சோஷியல் டீச்சர்தானே, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று நோட்டை நீட்டினான். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் நோட்டை நீட்டினால் என்ன ஆகும்? சிவப்புப் பேனாவைத் தேடிப் போனேன்.

அவன் எழுதியிருந்த முதல் விதி: டார்பிடோ விட்டால் பகடை உருட்டு, 11-க்கு மேல் விழுந்தால் எதிரிக் கப்பல் காலி. "இது சினிமா. கணக்குப் போடு" என்றேன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். 'பி.டி.' என்று அழைக்கப்பட்ட அந்தப் படகுகளில் எல்கோ நிறுவனம் கட்டியவை 80 அடி நீளம். மூன்று பாக்கார்டு என்ஜின்கள். சுமார் 40 நாட் வேகம், அதாவது வினாடிக்கு 20 மீட்டர். ஆனால் அவை ஆரம்பத்தில் சுமந்த பழைய மார்க் 8 டார்பிடோவின் வேகம் 27 நாட்தான். வினாடிக்கு 14 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கப்பலை எட்ட 71 வினாடி பிடிக்கும். எதிரி நாசகாரிக் கப்பல் 30 நாட்டில் போனால் அதற்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். விளையாட்டில் ஒரு சுற்று 6 வினாடி. ஆக, விட்ட டார்பிடோ போய்ச்சேர 12 சுற்று. அதுவரை படகு உயிரோடு இருக்க வேண்டுமே!

படகோ மரத்தால் ஆனது. இரண்டு அடுக்கு மஹோகனிப் பலகை, நடுவே பசை தோய்த்த கான்வாஸ் துணி. உள்ளே சுமார் 11,000 லிட்டர் பெட்ரோல். டார்பிடோவைக் குழாயிலிருந்து தள்ள வெடிமருந்து வைப்பார்கள். சில சமயம் குழாயில் பூசிய கிரீஸ் தீப்பற்றி, இருட்டில் இருந்த படகை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். வேகமாகப் போனால் அதுவும் ஆபத்து. அந்தக் கடலில் படகு கிழித்த நீர் இரவில் மினுமினுக்கும். மேலே பறக்கும் விமானத்துக்கு அது கோடு போட்டுக் காட்டும். அதனால் மெதுவாக, ஓசையில்லாமல் நிற்பதே பிழைக்கும் வழி. "வேகம் கூடக்கூட ஒளிந்துகொள்ளும் எண் குறைய வேண்டும்" என்று ஒரு விதி சேர்த்தோம். பேரனுக்கு அது ரொம்பப் பிடித்தது.

பிறகு அவன் எடுத்துக்கொண்ட சம்பவத்துக்கு வந்தோம். உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். ஆசிரியர் வராத பீரியடில் என்னை அனுப்பினால், "டீச்சர், தேங்காய்க் கதை!" என்று கத்துவீர்களே, அதேதான்.

1943 ஆகஸ்ட் 1 இரவு, சாலமன் தீவுகள். ஜப்பானியக் கப்பல்களை மறிக்க 15 பி.டி. படகுகள் கிளம்பின. முப்பது டார்பிடோக்கள் விட்டார்கள். ஒன்றுகூடப் படவில்லை. எங்கள் கணக்கு சரி என்று பேரன் மேசையைத் தட்டினான். பெரும்பாலான படகுகளில் ரேடார் இல்லை. அப்படி ரேடார் இல்லாத பி.டி. 109, விடிவதற்கு முன் இரண்டரை மணி வாக்கில், ஒரே என்ஜினில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் 26 வயது ஜான் எஃப். கென்னடி. இருட்டிலிருந்து வந்த 'அமகிரி' என்ற நாசகாரி நேராக மோதிப் படகைப் பிளந்தது. பதின்மூன்று பேரில் இருவர் இறந்தார்கள்.

மீதி 11 பேர் உடைந்த பாகத்தைப் பிடித்தபடி மதியம்வரை மிதந்தார்கள். பிறகு ஐந்தாறு கிலோமீட்டர் நீந்தி ஒரு குட்டித் தீவை அடைந்தார்கள். தீக்காயம்பட்ட மெக்மஹோனின் மிதவைச் சட்டை வாரைப் பல்லால் கடித்து இழுத்தபடி கென்னடி நீந்தினார். இந்த இடத்தில் நான் கையை வீசி நடித்துக் காட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா? குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தேங்காய்க்காக இன்னொரு தீவுக்கும் நீந்தினார்கள்.

அதன்பின் நான் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு தீவுவாசிகள் வந்தாங்க. கென்னடி தேங்காய் ஓட்டில் சேதி செதுக்கிக் கொடுத்தார். காப்பாற்றப்பட்டார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானார்." மணி அடித்துவிடும்.

பேரனின் நோட்டைப் பார்த்தேன். கென்னடிக்கு ஒரு தாள், என்ஜின்காரருக்கு ஒரு தாள், பீரங்கிக்காரருக்கு ஒரு தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் "லோக்கல் ஆள் 1, லோக்கல் ஆள் 2". பகடை எண்கூடக் கிடையாது.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருடத்துக்கு முன் கடற்கரைத் தெருப் பையன் ஒருவன் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டான்: "டீச்சர், தொடுப்பு போட்டது யாரு? அவங்க பேரு என்ன?" அப்பாவோடு வள்ளத்தில் போய்ப் பழகியவன். ராத்திரியில் கடலில் துடுப்பு போடுவது என்னவென்று அந்த வகுப்பில் தெரிந்தது அவனுக்கு மட்டும்தான். நான் சொன்ன பதில்: "பேரெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு." வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். எனக்கே பெயர் தெரியாது என்பதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

இப்போது சொல்கிறேன். ஒருவர் பியூகு காசா. இன்னொருவர் எரோனி குமானா. கொலம்பங்காரா தீவின் மலையிலிருந்து கடலைக் கண்காணித்த ஆஸ்திரேலியர் ரெஜினால்டு எவன்ஸ் அனுப்பிய சாரணர்கள். எரோனி காய் பறித்துக் கொடுக்க, தேங்காயில் எழுதலாம் என்ற யோசனையே காசாவுடையது என்கிறார்கள். ஜப்பானியர் நடமாடும் கடலில், மரத்தோணியில், அறுபது கிலோமீட்டருக்கு மேல் துடுப்பு போட்டு ரெண்டோவா தளத்தில் சேதியைச் சேர்த்தார்கள். பிடிபட்டிருந்தால் அந்தத் தேங்காயே அவர்களுக்கு எமனாகியிருக்கும். ஆகஸ்ட் 8 அதிகாலையில் பி.டி. 157 வந்து அத்தனை பேரையும் மீட்டது.

அந்த ஓட்டைக் கென்னடி வெள்ளை மாளிகை மேசையில் வைத்திருந்தார். இன்று அது பாஸ்டன் நகரில் அவர் பெயரிலான நூலகத்தில் இருக்கிறது. அதில் இருக்கும் ஒரே ஆளின் பெயர் கென்னடி. கொண்டுபோகிறவரை 'உள்ளூர்க்காரர்' என்று மட்டுமே குறிப்பிடுகிறது. அவசரத்தில் எழுதியது, கென்னடியைக் குறை சொல்ல மாட்டேன். நான் அவசரத்தில் இல்லை. முப்பது வருடம் நேரம் இருந்தது.

எரோனி குமானா தன் மகனுக்கு ஜான் எஃப். கென்னடி என்றே பெயர் வைத்தார். 2008-இல் தன் குடும்பத்துச் சிப்பிப் பணம் ஒன்றைக் கென்னடியின் கல்லறையில் வைக்கக் கொடுத்தனுப்பினார். காசா 2005-இலும், குமானா 2014 ஆகஸ்டிலும் காலமானார்கள். அவர்கள் அவர் பெயரை மறக்கவில்லை.

பேரனிடம் சொன்னேன். மறுபேச்சில்லாமல் இரண்டு புதுத் தாள் எடுத்தான். துடுப்பு, நீரோட்டம் அறிதல், இருட்டில் வழி கண்டுபிடித்தல் என்று எழுதினோம். பார்த்தால் அந்த மேசையில் அதிக எண் அந்த இரண்டு தாளுக்குத்தான் வந்தது! அன்று மாலை குமானாவாக ஆடியது நான். முதல் பகடையில் 4 விழுந்து, ஜப்பானியப் படகு பக்கத்திலேயே வந்துவிட்டது. அடுத்ததில் 17. ரெண்டோவா போய்ச் சேர்ந்தோம்.

உங்களில் சிலர் இன்று ஆசிரியர்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாத பெயரைப் பிள்ளை கேட்டால், "தெரியலப்பா, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.

கடைசி பெஞ்சில் இருந்த தம்பி, நீயும் இந்தப் பக்கத்தில் இருக்கிறாய், தெரியும். உன் கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது. தாமதத்துக்கு டீச்சரை மன்னித்துக்கொள்.