மழைக்காட்டு விலங்குகளும் தானியங்கிக் கேமராவும்

தானியங்கிக் கேமரா என்பது, ஆள் அருகில் இல்லாத வேளையிலும், எதிரே கடந்து செல்லும் விலங்கின் அசைவால் தானே இயங்கிப் படம் எடுக்கும் கருவியாகும். மரமுகடுகள் நெருங்கிக் கவிந்திருக்கும் வெப்பமண்டல மழைக்காட்டில், சூரிய ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கோ இரு பங்கோதான் தரையை எட்டுகிறது. அங்குள்ள பாலூட்டிகளுள் பல இரவில் நடமாடுவதாலும், மனித வாடை பட்டதும் விலகிவிடுவதாலும், காத்திருந்து படம் எடுப்பது அரிதாகவே கைகூடும்.

இத்துறையின் முன்னோடி, வட அமெரிக்க ஏரிக்கரைகளில் இரவுப் படங்கள் எடுத்த ஜார்ஜ் ஷிராஸ் ஆவார்; அவருடைய 74 படங்கள் 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்தன. அம்முறையை மழைக்காட்டுக்குக் கொண்டுசென்றவர்களுள் பறவையியலாளர் பிராங்க் சாப்மன் குறிப்பிடத்தக்கவர். பனாமா கால்வாய்க்காக ஆற்றில் அணை கட்டியபோது மூழ்காமல் எஞ்சிய குன்றின் உச்சியே பாரோ கொலராடோ தீவு. 1923 இல் காப்பிடமாக்கப்பட்ட அத்தீவின் ஒற்றையடித் தடங்களின் குறுக்கே அவர் கம்பி கட்டிவைக்க, அதில் விலங்கின் கால் இடறிய கணத்தில் ஒளித்தூள் எரிந்து படம் பதிந்தது. இவ்வாறு கிடைத்த பூமா, ஆசிலாட் என்னும் காட்டுப்பூனை, டாபிர் ஆகியவற்றின் படங்களை அவர் 1927 இல் வெளியிட்டார். சுட்டு வீழ்த்தாமலே விலங்குகளைக் கணக்கெடுக்கலாம் எனக் காட்டியதே அப்பணியின் பெருமை.

பின்னர், கம்பியின் இடத்தை உடல்வெப்பத்தை உணரும் அகச்சிவப்பு உணரி பிடித்தது. வரிகள் புலிக்குப் புலி வேறுபடுவதைக் கொண்டு நாகரஹொளேக் காட்டில் அவற்றின் எண்ணிக்கையை மதிப்பிட்ட உல்லாஸ் கரந்தின் ஆய்வு 1995 இல் வெளியாயிற்று. அவ்வழியே பெலீஸ் மழைக்காடுகளின் ஜாகுவார்களும் கணக்கிடப்பட்டன. உடலின் இரு பக்கக் குறிகளும் ஒன்றுபோல் இராமையால், தடத்தின் இருபுறமும் கேமராக்கள் எதிரெதிரே பொருத்தப்படுகின்றன.

எனினும், படம் விலங்கின் இருப்பைச் சொல்லுமேயன்றி அதற்குக் காவலாகாது. வியட்நாமின் காட் தியென் காட்டில் 1999 இல் தானியங்கிக் கேமராவில் பதிவான ஜாவா காண்டாமிருக இனத்தில் அந்நாட்டில் எஞ்சிய கடைசி உயிர், 2010 இல் காலில் குண்டு பாய்ந்து, கொம்பு அறுக்கப்பட்ட நிலையில் இறந்து கிடந்தது. அந்நாட்டில் அவ்வினம் அற்றுப்போனதாக 2011 இல் அறிவிக்கப்பட்டது.