பீங்கான் தூள் அரைப்பு

களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றை நுண்தூளாக்கும் வேலை. சூளையில் துகள்கள் ஒன்றோடொன்று பிணையும் சிண்டரிங்கையும் பீங்கானின் கடினத்தையும் இது பெரிதும் தீர்மானிக்கிறது. மலேசியாவின் பேராக்கில் தாப்பா, பீடோர் வட்டாரங்களில் கயோலின் களிமண் கிடைக்கிறது. ஈப்போ, தைப்பிங் பக்கத்துக் கையுறை ஆலைகளில் ரப்பர் பாலில் முங்கி எழும் கை அச்சுகளும் பீங்கானே. அமிலம், காரம், சூடு மூன்றையும் அவை ஓயாமல் தாங்கியாக வேண்டும்.

அரைவை உருளையில் தூள், நீர், அலுமினா குண்டுகள் சேர்ந்து மணிக்கணக்கில் சுழல்கின்றன. பிறகு குழம்பை 45 மைக்ரான் சல்லடையில் கழுவி, தங்கிய மிச்சத்தை உலர்த்தி எடை பார்ப்பார்கள். துகள் சிறுத்தால் மொத்த மேற்பரப்பு கூடும்; மேற்பரப்பு ஆற்றலே பிணைவை உந்துவதால், குறைந்த வெப்பத்திலேயே துளைகள் மூடி அடர்த்தியும் கடினமும் உயரும்.

குவார்ட்ஸில்தான் கவனம் அதிகம் வேண்டும். சூளை ஆறும்போது 573 டிகிரி செல்சியஸில் அது சட்டெனச் சுருங்குகிறது. பெரிய மணிகளைச் சுற்றி நுண்விரிசல் விழுந்து அச்சு வலுவிழக்கும். அளவுமீறி அரைத்தாலும் கேடுதான்: குவார்ட்ஸ் கண்ணாடிக் குழம்பில் கரைந்துபோகும், வார்ப்பு உலரும்போது மிகுதியாகச் சுருங்கி வெடிக்கும், குண்டுகளின் தேய்மானமும் தூளில் கலக்கும். தூய அலுமினாப் பீங்கானிலோ நுண்தூளின் பலன் வெளிப்படை. சாதாரணத் தூள் 1600 டிகிரியை ஒட்டிச் செறிவடையும்; ஒரு மைக்ரானுக்கும் சிறிய தூளுக்கு அதைவிட நூறு டிகிரிக்கு மேல் குறைந்த சூடே போதும். படிகமணிகள் பெரிதாகாமல் நிற்பதால் கடினமும் கூடும்.