துப்பறிவோரும் தீர்ப்பிடுவோரும்

ஒரு தலைமுறையின் மனத்தை அறிய விரும்புவோர், அத்தலைமுறை மாலை வேளைகளில் எவரைக் காணக் காத்திருந்தது என்று கேட்டறிதல் நன்று. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் நம் இல்லங்கள் காத்திருந்தவர்களுள் தனியார் துப்பறிவாளரும் ஒருவர்.

திருத்தணி, 1960 ஏப்ரல் முதல் நாளன்று ஆந்திரத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர். எல்லைக்கோடு நகர்ந்தாலும் இங்கு தமிழும் தெலுங்கும் அருகருகே வாழ்கின்றன. இவற்றோடு மூன்றாவது மொழியாக இந்தியைத் தொலைக்காட்சி கொண்டுவந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கிற்று. 1982 ஆகஸ்ட் 15 முதல் தேசிய ஒளிபரப்பு வந்தது. அதன் வழியே 1985இல் வந்தவர் கரம்சந்த். பங்கஜ் பராசர் இயக்கிய அத்தொடரில் பங்கஜ் கபூர் கறுப்புக் கண்ணாடி அணிந்து, காரட்டைக் கடித்தவாறே கொலையாளியைத் தேடினார். உரையாடல் விளங்காதவர்க்கும் அவர் எதை உற்று நோக்கினார் என்பது விளங்கிற்று. துப்பறியும் கதை கண்ணால் படிக்கப்படுவதன்றோ!

தமிழருக்கு முன்னரே அறிமுகமானவர் சாம்பு. ஆனந்த விகடனில் தேவன் படைத்த இவ்வங்கி எழுத்தரைத் தொலைக்காட்சியில் காத்தாடி ராமமூர்த்தி நடித்துக் காட்டினார். சாம்பு துப்பறிவதில்லை, உளறுகிறார். உளறியது தற்செயலாக உண்மையாகிவிடுகிறது. நாம் நகைத்தோம். எனினும் அந்நகைச்சுவைக்குள் ஓர் எச்சரிக்கையும் இருந்தது. ஊகம் ஒவ்வொரு முறையும் பலிப்பது கதையில்தான். வாழ்வில் பொய்த்துப்போகும் ஊகம் ஒரு குடும்பத்தின் நற்பெயரையே அழித்துவிடும்.

1993இல் பாசு சட்டர்ஜி இயக்கத்தில் ரஜித் கபூர் நடித்த பியோம்கேஷ் பக்ஷி வந்தார். தமிழில் தனியார் தொலைக்காட்சி தோன்றியதும் அவ்வாண்டிலேயே. வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய் 1930களில் படைத்த இவர், துப்பறிவாளர் என்னும் பெயரை விரும்பாதவர். உண்மையைத் தேடுபவன் எனப் பொருள்படும் 'சத்யான்வேஷி' என்றே தம்மை அழைத்துக்கொண்டார். வேட்டி உடுத்து, நண்பர் அஜித்துடன் அமைதியாக அமர்ந்து சிந்திக்கும் இம்மனிதரிடம் வேட்டையாடுபவரின் வெறி இல்லை. உண்மை அவருக்குக் கருவியன்று, அதுவே குறிக்கோள்.

கரம்சந்தும் பியோம்கேஷும் ஒரு நெறியைப் பின்பற்றினர். அவர்கள் எல்லார் மீதும் ஐயம் கொண்டனர். ஆனால் சான்று முழுமையாகக் கிட்டும்வரை எவர் மீதும் குற்றஞ்சாட்டவில்லை. நமது சட்டமும் இத்தகைய பொறுமையையே கோருகிறது. காவல்துறை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இவ்விதியைக் காத்துள்ளது. அச்சுறுத்திப் பெறும் சொல் உண்மையாகிவிடாது என்பதை ஆட்சியாளரும் அறிந்திருந்தனர்.

கத்தோலிக்கராகிய நமக்கு இங்கு மற்றொருவர் நினைவுக்கு வருகிறார். ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1910 முதல் எழுதிய கதைகளின் நாயகர் அருட்தந்தை பிரவுன். பிற்காலத்தில் தொலைக்காட்சியிலும் தோன்றியவர். இவ்வெளிய குரு, குற்றவாளியின் உள்ளத்திற்குள் தம்மையே நிறுத்திப் பார்க்கிறார். அதே தீமைக்குத் தாமும் இடங்கொடுக்கக் கூடியவரே என்று உணர்கிறார். ஆகவே பிளாம்போ என்னும் பெருந்திருடனைப் பிடிப்பதோடு அவர் பணி முடியவில்லை. அவன் மனம் மாறுகிறான். பின்னர் தானே துப்பறிவாளனாகிறான். குற்றத்தைக் கண்டறிந்தவர் மனிதனை இழந்துவிடவில்லை.

அப்பழைய தொடர்களை இன்று நினைவுகூர்வது வெறும் ஏக்கமன்று. இந்நாளில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைபேசி. ஒவ்வொருவரும் துப்பறிவாளர், சாட்சி, நீதிபதி. ஆடிக் கிருத்திகைக்கு இரு மாநிலத்து மக்களும் திரளும் இவ்வூரில் ஒரு நகை காணாமற்போனால், வேற்று மொழி பேசும் ஏழை மீதே முதற்பார்வை விழக்கூடும். அவரது படம் அரை மணி நேரத்தில் ஊரெங்கும் பரவிவிடும். நகை பின்னர் வீட்டுப் பெட்டியிலேயே கிடைக்கலாம். பரவிய படத்தைத் திரும்ப அழைப்பவர் யார்?

பிறரைத் தீர்ப்பிடலாகாது என்று நம் ஆண்டவர் பணித்தது, தீமையைக் கண்டும் காணாதிருக்க அன்று. உண்மையைத் தேடுவோம், தேடி முடியும்வரை நாவை அடக்குவோம், கண்டறிந்த பின்னும் குற்றம் புரிந்தவர் திரும்பி வரும் வாயிலைத் திறந்தே வைப்போம்.